ஃபுர்காவைக் காலையில் ஏறுங்கள், திரெமோலாவில் இறங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு மலரில் சுவிஸ் மலைக் கணவாய்களில் சைக்கிள் ஓடுவது பற்றி இரண்டு பக்கக் கட்டுரை வந்திருந்தது. அண்டர்மட்டின் பெயரைத் தமிழ்ப் பத்திரிகையில் அவ்வளவு பெரிய எழுத்தில் பார்த்தது சந்தோஷம்தான். நான் இந்த ஊரில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறேன். யாழ்ப்பாணத்துக்காரி. லீவு நாட்களில் றோட்டுச் சைக்கிளில் இந்தக் கணவாய்களை ஏறி இறங்குகிறவள். கட்டுரையின் முதல் பத்தியை ரசித்துப் படித்தேன். மிச்சத்தைப் படித்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அது வந்த அன்றே ரொறன்ரோவிலிருந்து அண்ணனின் மகன் போன் எடுத்தான். "மாமி, மூண்டு பாஸையும் ஒரே நாளிலை ஓடலாமாம். பேப்பரிலை போட்டிருக்கு. ஜூலையிலை வாறன், சைக்கிளை அங்கை வாடகைக்கு எடுப்பம்" என்றான். இளம் பிள்ளை, நல்ல உடம்பு. ஆனால் அவன் அங்கே ஓடுவது ஏரிக்கரையோரப் பாதையில். "வா ராசா, அந்தக் கட்டுரையை மட்டும் வீட்டிலை வைச்சிட்டு வா" என்றேன். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் ஆபத்தான பிழை. "ஏற்றம் வேண்டாம் என்பவர்கள் கொத்தார்ட் சுரங்கப்பாதை வழியாக மறுபக்கம் போய்விடலாம்" என்று ஒரு வரி இருக்கிறது. போக முடியாது. 1980-இல் திறக்கப்பட்ட அந்தச் சுரங்கம் ஏறத்தாழ 17 கிலோமீற்றர் நீளம், அதிவேக நெடுஞ்சாலையின் ஒரு துண்டு. சைக்கிளுக்கு அங்கே இடமே கிடையாது. போகிற வாகனமும் வருகிற வாகனமும் ஒரே குழாய்க்குள்தான். 2001 அக்டோபரில் இரண்டு லொறிகள் மோதித் தீப்பிடித்து 11 பேர் இறந்தது அதற்குள்தான். இரண்டாவது குழாயைத் தோண்டும் வேலை நடக்கிறது. மலைக்கு அடியால் சைக்கிளோடு போகத்தான் வேண்டுமென்றால் ரயில் இருக்கிறது. மலைக்கு வடக்கே கெஷனனில் ஏறி, 1882-இல் திறந்த பழைய ரயில் சுரங்கத்தால் தெற்கே ஐரோலோவில் போய் இறங்கலாம். சைக்கிளுக்குத் தனியாக ரிக்கற் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த ஒரு வரியையாவது நீங்கள் உடனே திருத்த வேண்டும். யாராவது வாடகைச் சைக்கிளோடு அந்த நெடுஞ்சாலை வாசலில் போய் நின்றால் பொலிஸ் தண்டப்பணம் போடுவது சின்ன விஷயம். அதைவிடப் பெரிய விஷயம் நடக்கலாம்.

சரி, வழிக்கு வருவோம்.

அண்டர்மட் ஏறத்தாழ 1440 மீற்றர் உயரத்தில் உர்செரன் பள்ளத்தாக்கில் இருக்கிறது. நாலு பக்கமும் றோட்டு. வடக்கே ஷொலனன் ஆற்றுப் பிளவு வழியாகக் கெஷனனுக்கு இறங்கும். கிழக்கே ஓபரால்ப் கணவாய், 2044 மீற்றர். தெற்கே கொத்தார்ட், 2100 மீற்றர் சொச்சம். மேற்கே ஃபுர்கா, 2429 மீற்றர். பள்ளத்தாக்கில் மரம் மிகக் குறைவு, புல்தான். ஊருக்கு நேர் மேலே சரிவில் மட்டும் ஒரு காடு நிற்கும். பனிச்சரிவைத் தடுக்கிற அந்தக் காட்டில் மரம் வெட்டக்கூடாது என்று 1397-இலேயே ஊரவர் எழுதி வைத்துவிட்டார்கள். உங்கள் கட்டுரையாளர் அதை "அழகிய சிறு தோப்பு" என்று எழுதியிருக்கிறார். அந்தத் தோப்பு இல்லாவிட்டால் ஊர் இல்லை.

மூன்று கணவாய்ச் சுற்று என்பது கொத்தார்ட், நூஃபெனன், ஃபுர்கா. கிட்டத்தட்ட 105 கிலோமீற்றர் தூரம், ஏற்றம் மட்டும் ஏறக்குறைய 3000 மீற்றர். "யார் வேண்டுமானாலும்" ஓடலாம் என்பது உங்கள் கட்டுரையாளரின் வார்த்தை. பின்னால் வான் ஒன்று சாப்பாட்டோடும் ஜக்கெற்றோடும் வந்ததை நாலாவது பத்தியில் அவரே போகிற போக்கில் சொல்லிவிடுகிறார். வான் பின்னால் வந்தால் யாரும் ஓடலாம்தான், களைத்த இடத்தில் வானுக்குள் ஏறிவிடலாமே. மற்றவர்கள் வருடக்கணக்காக மலை ஏறிப் பழகியிருந்தால் ஒரு நாள், இல்லையென்றால் இரண்டு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையில் ஓபர்வால்டிலோ உல்ரிக்கனிலோ தங்கினால் ஒரு குறையும் இல்லை.

ஆனால் எனக்கு அவரோடு பெரிய பிணக்கு ஒரே நாளா இரண்டு நாளா என்பதில் இல்லை. எந்தப் பக்கத்தால் சுற்றுவது என்பதில்தான். கொத்தார்டை முதலில் ஏறி, அதன் தெற்குப் பக்கத்துப் பழைய கல் றோட்டான திரெமோலாவால் ஐரோலோவுக்கு இறங்கி, நூஃபெனனால் உல்ரிக்கனுக்கு வந்து, கடைசியில் ஃபுர்காவை ஏறி வீட்டுக்கு வரச் சொல்கிறார். படத்தில் அது அழகாக இருக்கும். நான் யாருக்கும் சொல்வது நேர் எதிர்த் திசை. முதலில் ஃபுர்கா, அப்புறம் நூஃபெனன், கடைசியில் திரெமோலாவால் கொத்தார்ட்.

ஏன் என்பதற்கு முதல் காரணம் காற்று. அண்டர்மட்டிலிருந்து ஹொஸ்பென்டால் தாண்டி ரெயால்ப் வரை பத்துக் கிலோமீற்றருக்குக் கிட்ட றோட்டு அநேகமாகச் சமதரை. காலை ஆறரை, ஏழு மணிக்கு அங்கே புல்கூட அசையாது. மத்தியானத்துக்குப் பிறகு பெரும்பாலும் காற்று வீசத் தொடங்கும். நாவற்குழி வெளியில் சோளகத்துக்கு எதிரே சைக்கிள் மிதித்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை, அதே காற்றுத்தான், கொஞ்சம் குளிர் கூட. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எங்களுக்கு ஏற்றம் என்றால் பாலத்து ஏற்றம்தான், ஆனால் காற்றைத் தெரியும். அந்தச் சமதரையைக் காற்றில்லாத நேரத்தில் கடப்பதுதான் அன்றைய நாளின் பாதி வேலை.

ரெயால்பிலிருந்து ஃபுர்கா பன்னிரண்டு கிலோமீற்றர் ஏற்றம், 890 மீற்றர் உயர வேண்டும். ஊர் முடிந்ததுமே கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும், மேலே போனால் மலையின் விலாவில் நீண்ட ஒரே கோடாக றோட்டுப் போகும். ஒடுக்கமான றோட்டு. பல இடங்களில் இரும்பு வேலி கிடையாது, ஓரத்தில் வரிசையாக நட்ட கல்லுத்தான். காலையில் அங்கே பால் லொறியும் ஒன்றிரண்டு காரும் வரும். பதினொரு மணிக்குப் பிறகு அதே றோட்டில் மோட்டார் சைக்கிள் கூட்டங்களும் வீடு மாதிரிப் பெரிய கம்பிங் வான்களும் வரும். அந்த வான் ஒன்றும் மஞ்சள் தபால் பஸ் ஒன்றும் எதிரெதிரே சந்தித்து எது பின்னுக்குப் போவது என்று நிற்கும்போது நடுவில் சைக்கிளில் ஒரு காலைக் கீழே வைத்து நிற்பது இருக்கிறதே, அது ஒரு தனி அனுபவம்.

தபால் பஸ் பற்றி ஒன்று சொல்லவேண்டும், கட்டுரையில் இல்லை. நீலப் பலகையில் மஞ்சள் ஊதுகொம்பு போட்டிருந்தால் அது மலைத் தபால் றோட்டு. அங்கே பஸ் சாரதி கையைக் காட்டி நில் என்றால் நிற்கவேண்டும், பின்னால் போ என்றால் போகவேண்டும். அது சட்டம். கண்ணுக்குத் தெரியாத வளைவுகளில் மூன்று சுரத்தில் அவர் ஹோர்ன் அடித்துக்கொண்டு வருவார். சுற்றுலாப் பயணிகள் அதைக் கேட்டதும் போனை எடுத்து வீடியோ பிடிப்பார்கள். சைக்கிளில் இருப்பவர்கள் அந்த நேரம் வலப்பக்க ஓரத்துக்குப் போய்விட வேண்டும். இங்கே வலப்பக்கம்தான் ஓடுவது என்பதை இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வருகிறவர்கள் களைத்துப்போன நேரத்தில் மறந்துவிடுவார்கள், முக்கியமாக நிறுத்தி இளைப்பாறிவிட்டுத் திரும்ப ஏறும்போது.

ஃபுர்கா உச்சியிலிருந்து கொஞ்சம் இறங்கினால் வளைவில் பெல்வெடேர் ஹோட்டல், படங்களில் வருகிற அதே கட்டடம், பல வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. அதன் பக்கத்தில் றோன் பனியாறு. முன்பு பனியாறு ஹோட்டலுக்கு அருகிலேயே இருந்ததாகப் பழைய படங்கள் காட்டுகின்றன. இப்போது எட்டிப் பார்க்கவேண்டும். கோடையில் உருகாமல் இருக்க, குகை குடைந்த பகுதிக்கு வெள்ளைத் துணி போர்த்தி வைத்திருப்பார்கள். கட்டுரையில் அது "வெண்பனிப் போர்வை" என்று வந்திருக்கிறது. போர்வைதான், ஆனால் பனி இல்லை, துணி.

அங்கிருந்து கிளெட்ச் வரை நல்ல இறக்கம். எதிர் மலையில் கிரிம்செல் கணவாய்க்கு ஏறும் வளைவுகள் முழுதாகத் தெரியும். கால் நன்றாக இருக்கிறது, அதையும் ஒரு கை பார்ப்போம் என்று மனம் சொல்லும். கேட்காதீர்கள். இன்னும் ஆறு கிலோமீற்றர் இறங்கினால் ஓபர்வால்ட், அங்கே ரயில் நிலையம். இந்தத் திசையில் சுற்றுவதில் இரண்டாவது நன்மை இதுதான். ஒரு கணவாய் முடிந்த இடத்தில் ரயில் நிற்கிறது. முடியவில்லையா, 1982-இல் திறந்த ஃபுர்கா ரயில் சுரங்கத்தால் பத்து மணிக்கே அண்டர்மட்டுக்குத் திரும்பிவிடலாம், ஒருவரும் சிரிக்கமாட்டார்கள். நூஃபெனன் ஏற்றம் தொடங்கிவிட்டால் அடுத்த ரயில் நிலையம் ஐரோலோவில்தான், அதற்கு அந்தக் கணவாயைத் தாண்டியாக வேண்டும்.

நூஃபெனன் பற்றி மருமகனுக்கு நான் சொன்னது, "அதுதான் உன்னைச் சோதிக்கப்போற மலை." உல்ரிக்கனிலிருந்து 13 கிலோமீற்றர், 1130 மீற்றர். சராசரிச் சரிவு எட்டரை வீதம். சராசரி என்பது ஏமாற்றும் கணக்கு, ஆனால் இங்கே ஏமாற்று குறைவு, உண்மையிலேயே அநேகமாக முழுவதும் அப்படித்தான் இருக்கும். இளைப்பாறச் சமதரைத் துண்டு தேடினால் கிடைக்காது. 2478 மீற்றர் உச்சி, முழுக்கச் சுவிஸ் மண்ணிலேயே இருக்கிற வாகனக் கணவாய்களில் இதுதான் உயரம். றோட்டும் வயதில் இளையது, 1969-இல்தான் திறந்தார்கள். மேலே போகப்போகக் காற்றாலைகள் தெரியும். அவை சுற்றுவதைப் பார்த்து உச்சியில் என்ன காற்று என்று கீழிருந்தே கணக்குப் போடலாம். ஐரோலோ பக்கத்தால் ஏறினால் நீளம் கூட, சரிவு குறைவு, அதனால் அந்தப் பக்கம்தான் நல்லது என்று வாதாடுகிறவர்கள் எங்கள் ஊரில் பாதிப்பேர். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எனக்கு அது சரிவரவில்லை. பெட்ரெட்டோ பள்ளத்தாக்கில் முடியாது போலிருக்கிற அந்த 23 கிலோமீற்றர் ஏற்றத்தைவிட, பல்லைக் கடித்துக்கொண்டு 13 கிலோமீற்றரில் முடிப்பது மேல்.

இறக்கத்தில் ஒரு விஷயம். நூஃபெனனின் பெட்ரெட்டோ பக்கத்தில் மேல்பகுதி கொங்கிறீற் பலகைகளாகப் போட்ட றோட்டு. இரண்டு பலகைகள் சேருகிற ஒவ்வோர் இடத்திலும் சக்கரம் தட்டும். வேகம் கூடக்கூட அந்தத் தட்டல் நெருக்கமாகி, கைப்பிடியால் மணிக்கட்டுக்கு வந்து, பல்லுவரை ஏறும். தண்ணீர்ப் போத்தல் தெறித்து விழுவது இந்த இடத்தில்தான். பின்னால் வருகிறவர் அதில் ஏறினால் விழுவார். போத்தலை இறுக்கி வைத்து, முழங்கையை மடக்கி, சீற்றிலிருந்து கொஞ்சம் எழும்பி, இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடித்து இறங்குங்கள். தொடர்ந்து பிடித்தபடி இருந்தால் பிரேக் சூடேறும். கீழே வர வர மொழி மாறிவிடும், பலகைகளில் ஜெர்மன் போய் இத்தாலியன் வரும், கோப்பி நன்றாகிவிடும்.

இனித் திரெமோலா. கட்டுரையில் மூன்று படம் போட்டு "இறங்கி மகிழுங்கள்" என்று எழுதப்பட்ட இடம். 24 கொண்டை ஊசி வளைவுகள், முழுவதும் சதுரமாக வெட்டிய கருங்கல் பதித்த றோட்டு, விசிறி விரித்த மாதிரி வளைவு வளைவாகக் கல் அடுக்கியிருப்பார்கள். ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவில் இடைவெளி, சில இடங்களில் புல். ஈரமாக இருந்தால் மீன் சந்தைத் தரைபோல வழுக்கும். ஒல்லி ரயர் போட்ட றோட்டுச் சைக்கிளில் இதில் இறங்கினால் கை விறைத்துவிடும், நாலாவது வளைவில் பிரேக்கை விரல் பிடித்திருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. பார்வை கல்லில்தான் இருக்கும், மலையில் அல்ல. அப்படி இறங்கி என்னத்தை மகிழ்வது?

ஏறிப் பாருங்கள், வேறு றோட்டு. மணிக்கு எட்டு, ஒன்பது கிலோமீற்றர் வேகத்தில் கல் தொந்தரவு செய்யாது. சீற்றைவிட்டு எழும்பாதீர்கள், எழும்பினால் பின்சக்கரத்தில் பாரம் குறைந்து சுழன்றுவிடும். இலகுவான கியரில், இருந்தபடியே, வட்டமாக மிதிக்கவேண்டும். வளைவின் உட்பக்கம் செங்குத்து, வெளிப்பக்கம் இலகு, வாகனம் வராவிட்டால் வெளிப்பக்கத்தை எடுக்கலாம். ஒவ்வொரு வளைவிலும் திரும்பும்போது கீழே வந்த றோட்டு கல்மதில்களோடு அடுக்கடுக்காகத் தெரியும். கார்க்காரர்களில் அநேகம் பேர் புதிய றோட்டால் போய்விடுவதால் சத்தமும் குறைவு. 1830 வாக்கில் குதிரை வண்டிக்குப் போட்ட வழி இது, குதிரை களைக்காத சரிவில். அதனால்தான் மூன்றாவது கணவாயாக இருந்தாலும் காலில் மிச்சம் இருக்கிற பலத்தோடு ஏறிவிட முடிகிறது. உச்சியில் ஏரி, பழைய சத்திரம், அப்புறம் பொரித்த சொசேஜ் கடைகளும் பஸ்களும். அங்கிருந்து ஹொஸ்பென்டாலுக்கு அகலமான தார் றோட்டு. நாள் முழுக்க ஓடியவருக்கு கடைசி இறக்கம் இப்படித்தான் இருக்கவேண்டும்.

இறக்கத்தைப் பற்றிக் கட்டுரையில் "மணிக்கு எழுபதில் பறந்தோம்" என்று ஒரு வரி. 2023 ஜூனில் சுவிஸ் சுற்றுப் போட்டியில், ஆல்புலா கணவாயிலிருந்து இறங்கும்போது கீனோ மெடர் பள்ளத்தில் விழுந்து அடுத்த நாள் இறந்துபோனார். 26 வயது, இந்த நாட்டு வீரர், தொழிலே அதுதான். அவ்வளவு தெரிந்தவருக்கே அப்படி நடந்த றோட்டுகளில் வாடகைச் சைக்கிளில் எழுபது என்று பெருமையாகப் பிரசுரிப்பது சரியா என்று நீங்களே யோசியுங்கள்.

குளிர் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல் இல்லை. அண்டர்மட்டில் 20 பாகை என்றால் ஃபுர்கா உச்சியில் 13, 14 இருக்கும், வேர்த்த உடம்போடு இறங்கும்போது அது ஐந்து மாதிரித் தெரியும். காற்றுப் புகாத மெல்லிய ஜக்கெற், முழுவிரல் கையுறை, ஜூலையானாலும் சட்டைப்பையில் இருக்கவேண்டும். அந்தக் காலத்துப் போட்டி வீரர்கள் உச்சியில் நிற்கிறவர்களிடம் பத்திரிகைத் தாள் வாங்கி நெஞ்சுக்குள் செருகிக்கொண்டு இறங்குவார்கள். உங்கள் பத்திரிகை எங்களுக்குத் திரையில்தான் வருகிறது, அந்த உபயோகத்துக்கு ஆகாது. சாப்பாட்டுக்கு நான் கொண்டுபோவது வாழைப்பழமும் எள்ளுப்பாகும். கடையில் விற்கிற சக்திக் கட்டி ஒன்றின் விலைக்கு வீட்டில் ஒரு டப்பா எள்ளுப்பாகு கிண்டலாம், வயிறும் கேட்கும்.

எந்த நாள் என்பதும் முக்கியம். கணவாய்கள் எல்லாம் பனி வெட்டித் திறக்க மே கடைசி அல்லது ஜூன் ஆகும், ஒக்டோபர், நவம்பரில் மூடிவிடும். ஜூலை, ஓகஸ்டில் சனி ஞாயிறு வேண்டவே வேண்டாம். வெயில் அடிக்கிற ஞாயிற்றுக்கிழமையில் கொத்தார்ட், ஃபுர்கா, சுஸ்டன் எல்லாம் மோட்டார் சைக்கிள்காரர்களின் சொத்து. சத்தம் மலையில் பட்டுத் திரும்பி வரும், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார்கள் என்றே தெரியாது. "ஆளில்லாத சொர்க்கம்" என்று உங்கள் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அவர் செப்டெம்பரில் ஒரு புதன்கிழமை வந்திருக்கவேண்டும். எனக்கு லீவு திங்களும் செவ்வாயும், ஹோட்டல் வேலையின் ஒரே வரம் அதுதான்.

இந்த நாட்டில் சைக்கிள் வழிக்குச் சட்டமே இருக்கிறது. 2018 செப்டெம்பரில் சைக்கிள் பாதைகளை அரசியலமைப்பில் சேர்க்க வாக்கெடுப்பு நடந்தது, 73.6 வீதம் ஆம் என்றார்கள். என் வாக்கும் அதற்குள் இருக்கிறது. 2023-இல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மாநிலங்கள் 2027 முடிவுக்குள் பாதை வலையைத் திட்டமிட வேண்டும், 2042 முடிவுக்குள் கட்டி முடிக்க வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம் என்று இருக்கிற கணவாய் றோட்டில் தனிப்பாதைக்கு இடம் எங்கே? மிஞ்சினால் ஏற்றப் பக்கத்தில் ஒரு மஞ்சள் கோடு போடலாம். அதுவே போதும் என்பேன், ஏறுகிறவருக்குத்தான் இடம் தேவை, இறங்குகிறவர் காரோடு சேர்ந்தே ஓடுகிறார். மற்றபடி வழி தேடி அலையத் தேவையில்லை. சைக்கிள் வழிகளுக்குக் கருஞ்சிவப்புப் பலகை, அதில் நீலக் கட்டத்துக்குள் எண். ஒற்றை எண் என்றால் நாடு முழுக்கப் போகும் வழி. வடக்கே பாசலிலிருந்து தெற்கே கியாசோ வரை கொத்தார்டைத் தாண்டிப் போவது 3. றோன் ஆற்றோடு ஜெனிவா வரை போவது 1.

அந்த 1-ஆம் எண்ணைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாததுதான் எனக்கு மிகுந்த குறை. மருமகனுக்கு நான் முதல் நாளைக்கு ஒதுக்கியிருப்பது அதைத்தான். அண்டர்மட்டில் ரயிலேறி ஓபர்வால்டில் இறங்கி, கோம்ஸ் பள்ளத்தாக்கால் றோன் ஆற்றங்கரையோடு பிரிக் வரை நாற்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. 1370 மீற்றரிலிருந்து 680-க்கு இறங்குகிறது, நடுவில் சின்னச் சின்ன ஏற்றம் வரும். வெயிலில் கறுத்த மரவீடுகள் உள்ள ஊர்கள், எலி ஏறாமல் தட்டைக் கல்லின்மேல் நிறுத்திய தானியக் குடில்கள். ஓபர்கெஸ்டெலன் மட்டும் கல்வீடுகளாக இருக்கும். 1868-இல் ஊரே எரிந்து, திரும்பக் கட்டும்போது கல்லால் கட்டினார்கள். இன்னும் கீழே நீடர்வால்ட். உலகத்துப் பணக்கார ஹோட்டல்களுக்கெல்லாம் பெயர் கொடுத்த செசார் ரிட்ஸ் 1850-இல் பிறந்தது அந்தச் சின்னஞ்சிறு ஊரில், விவசாயி வீட்டில் பதின்மூன்றாவது பிள்ளை. ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவித் தொடங்கி இன்றைக்கும் அதே தொழிலில் இருக்கிற எங்களைப்போல எத்தனையோ தமிழர்களுக்கு இந்த நாட்டில் சோறு போட்டது அந்தத் தொழில்தான். அந்த ஊரில் சைக்கிளைச் சாத்திவிட்டு ஒரு கோப்பி குடிக்க நான் ஒருபோதும் தவறுவதில்லை. ஃபீஷ் தாண்டியதும் இறக்கம் கொஞ்சம் கடுமையாகும், அவ்வளவுதான் அந்த நாளின் சோதனை. பிரிக்கிலிருந்து ரயிலில் திரும்பிவிடலாம்.

இரண்டாம் நாள் ஓபரால்ப். அண்டர்மட்டிலிருந்து 600 மீற்றர் ஏற்றம், பதினொரு கிலோமீற்றர், எங்கள் கணவாய்களில் மிக இலகு. பக்கத்திலேயே சிவப்பு ரயில் ஏறிவரும், உச்சியிலும் நிலையம் இருக்கிறது. அங்கே மலை உச்சியில் ஒரு கலங்கரை விளக்கம் நிற்கும், சிவப்பு நிறம். றைன் ஆறு கடலில் சேருகிற ஒல்லாந்து நாட்டில் இருந்த விளக்கின் சின்ன நகல், ஆறு தொடங்கும் மலையில் வைத்திருக்கிறார்கள். கடற்கரையில் வளர்ந்தவர்களுக்கு முதல் தடவை பார்த்தால் சிரிப்பு வரும். இந்த இரண்டையும் ஓடி முடித்து, அடுத்த காலை கால் நோகவில்லை என்றால் மூன்று கணவாய் பற்றிப் பேசுவோம் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். "மாமி, நீங்க பயப்படுத்துறீங்க" என்கிறான். பயப்படுத்தவில்லை, ரயில் நேரம் சொல்லிக்கொடுக்கிறேன்.

பெண்களுக்காக ஒரு பத்தி எழுதியிருக்கலாம் என்றும் தோன்றியது. கட்டுரையில் வந்த படங்களில் ஒரு பெண்கூட இல்லை. யாழ்ப்பாணத்தில் நாங்கள் பள்ளிக்கூடத்துக்கும் ரியூஷனுக்கும் கோயிலுக்கும் சைக்கிளில் போய் வளர்ந்தோம், பெற்றோல் இல்லாத காலத்தில் ஊரே சைக்கிளில் ஓடியது. இங்கே வந்ததும் எங்கள் பெண்கள் அதை எங்கேயோ விட்டுவிட்டார்கள். "இந்த வயசிலை உனக்கு ஏன் இந்த வேலை" என்று என்னிடம் கேட்கிறவர்களில் அநேகர் என் வயதுப் பெண்கள்தான். ஓபர்வால்ட் முதல் பிரிக் வரை அவர்களால் தாராளமாக ஓட முடியும். மின்சாரச் சைக்கிள் வாடகைக்கு எடுத்தால் ஓபரால்பும் முடியும். பகலிலும் அதில் விளக்கு எரியவேண்டும், 2022 ஏப்ரலிலிருந்து அது கட்டாயம்.

கடைசியாக அவசர இலக்கங்கள், பயணக் கட்டுரை என்றால் இவற்றைப் போட்டிருக்க வேண்டும்: அம்புலன்ஸ் 144, பொலிஸ் 117, மலையிலிருந்து ஹெலிகொப்டரில் தூக்கிச்செல்லும் றேகா 1414.

ஆசிரியர் அவர்களே, என் கடிதத்தை முழுதாகப் போட இடம் இல்லையென்றால் வெட்டுங்கள், கோபிக்கமாட்டேன். ஃபுர்கா முதலா கொத்தார்ட் முதலா என்பதில் உங்கள் கட்டுரையாளர் பதில் எழுதினால் அதையும் படிக்கிறேன். ஆனால் கொத்தார்ட் வாகனச் சுரங்கத்தில் சைக்கிள் போக முடியாது என்ற திருத்தத்தை வருகிற ஞாயிறு மலரிலேயே, கட்டுரை வந்த அதே பக்கத்தில், கண்ணில் படுகிற எழுத்தில் போடுங்கள். இணையத்தில் இருக்கிற கட்டுரையிலும் அந்த வரியை நீக்கிவிடுங்கள், கோடை லீவுக்கு வருகிறவர்கள் இப்போதுதான் அதைத் தேடிப் படித்துக்கொண்டிருப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அண்டர்மட், ஊரி மாநிலம்,
சுவிற்சர்லாந்து.